வாசல் வெளிச்சம்: ஓவிய மாணவர்களுக்கு அடி அண்ணாமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மலை சுற்றும் பாதையோரம் பலகை விரித்து எங்கள் வீடுகளை வரைந்து போகும் ஓவியக் கல்லூரி மாணவ மாணவியருக்கு,

நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அடி அண்ணாமலைதான் என் ஊர். ஆதி அண்ணாமலையார் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நீங்கள் உட்கார்ந்து வரையும்போது பின்னால் நின்று பார்க்கிறவர்களில் நானும் ஒருத்தி. எல்லைக்கோடு போடாமல், அடுத்தடுத்த வண்ணத் தீற்றல்களாலேயே ஒரு திண்ணையையும், அதில் இருக்கும் பெண்ணையும், அவள் முதுகில் ஏறிய வெயிலையும் கொண்டுவந்துவிடுகிறீர்கள். பார்க்க மனசு நிறைந்துபோகிறது. இம்ப்ரஷனிஸ்டுகளைப் பற்றி வகுப்பில் கேட்டதை எங்கள் ஊர் வெயிலில் சோதித்துப் பார்க்கிறீர்கள். நல்ல காரியம்.

எனக்கு உறுத்துவது படத்துக்கு நீங்கள் வைக்கும் தலைப்பு. ‘அமைதி’, ‘கிராமத்துக் காலை’, ‘ஓய்வு’. ‘ஓய்வு’ என்று எழுதியிருந்த ஒரு படத்தில் இருந்த அம்மாவின் மடியில் முறம் இருந்தது. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அதை முடித்து, சோறாக்கி வைத்துவிட்டு, நூறு நாள் வேலைக்குப் போக வேண்டியவர். படத்தில் அந்த முறம் ஒரு மஞ்சள் தீற்றலாக வந்திருந்தது. அழகான மஞ்சள்தான். அவர் செய்த வேலை மட்டும் படத்தில் இல்லை.

நீங்கள் தேடி வரும் வெளிச்சத்தில் சூரியனுக்குப் பாதிப் பங்குதான் உண்டு. மீதிப் பாதி, அது பட்டுத் திரும்பும் தரைக்கும் சுவருக்கும் பாத்திரத்துக்கும் துணிக்கும் உரியது. இவை தானாக அப்படிப் பளிச்சென்று இருந்துவிடுவதில்லை. நாள் தவறாமல் யாரோ குனிந்து, தேய்த்து, மெழுகி, அலசி அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த யாரோ பெரும்பாலும் பெண். இது உங்கள் படத்துக்கு வெளியே உள்ள சமூகச் செய்தி என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் வண்ணத் தட்டில் எந்த நிறத்தை எங்கே எடுப்பது என்பதையே இது முடிவு செய்கிறது.

ஊரின் இருப்பிடத்தையே பாருங்கள். திருவண்ணாமலைப் பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. நாங்கள் மேற்கே இருக்கிறோம். டவுனில் பொழுது விடிந்து வெயில் ஏறிய பிறகும் எங்கள் தெருவில் மலையின் நிழல் கிடக்கும். மார்கழியிலும் தையிலும் சூரியன் தெற்கே ஒதுங்கி எழும். எங்களுக்கு அது மலை முடியைத் தாண்டி வந்தாக வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிந்தித்தான் வெயில் வாசலுக்கு வரும். நீங்கள் அந்த நேரத்தைக் கணக்குப் பார்த்து வருகிறீர்கள். அதனால் உங்கள் கண்ணில் படுவதெல்லாம் முடிந்துபோன வேலை. நிழலுக்குள் நடந்ததை நீங்கள் பார்த்ததே இல்லை.

நிழலுக்குள் நடப்பது இது. தெருக்குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்பே எழுந்து, தொடப்பத்தால் வாசலைப் பெருக்குவார்கள். சாணியைக் கரைத்துத் தெளிப்பார்கள். இன்னொரு முறை பெருக்கி, ஈரம் பதமாக இருக்கும்போதே புள்ளி வைக்க வேண்டும். தண்ணீர் தேங்கிய இடத்தில் மாவு கரைந்துவிடும். காய்ந்த இடத்தில் காற்று கொண்டுபோய்விடும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற சிறு பொழுதுக்குள் கோடு இழுத்து முடித்தாக வேண்டும். இடுப்பை மடக்கி, முழங்காலை மடக்காமல் நின்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை விட்டுக்கொண்டே பின்னால் நகர வேண்டும். கோடு தடித்தால் பக்கத்து வீட்டு ஆயா கேட்பார். இந்த ஊரில்தான் மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடினார் என்பது மரபு. மலை சுற்றும் பாதையில் அவருக்கு ஒரு கோயிலும் இருக்கிறது. அந்த இருபது பாட்டில் முதல் எட்டிலும் பெண்கள் இருட்டோடு எழுந்து ஒருத்தியை ஒருத்தி எழுப்புகிறார்கள். இந்த வாசல்களில் இன்றும் அது நடக்கிறது. எழுந்ததும் கையில் வருவது தொடப்பம்.

பொருளைப் பற்றிப் பேசினால்தான் உங்களுக்கு நெருக்கமாக இருக்கும். சாணி மெழுகிய தரை வெயிலை உள்ளே வாங்கிக்கொள்ளும். பச்சை ஓடிய பழுப்பு நிறம் அது. காயக் காயப் பச்சை விலகிப் பழுப்பு மிஞ்சும். அதன் மேல் விழுந்த கோல மாவு அதனால்தான் அப்படி எரிகிறது. சிமெண்ட் தரை வெயிலைத் திருப்பி அடிக்கும், கோலம் அதில் மங்கும். மெழுகும்போது கை போன வழி அரைவட்டம் அரைவட்டமாகத் தரையில் நிற்கிறது. சாய்ந்த வெயிலில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஒரு பெண்ணின் தோள் எவ்வளவு தூரம் எட்டும் என்பதன் அளவு அந்த அரைவட்டம். மோனேயின் தூரிகைத் தீற்றலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற உங்களுக்கு இந்தத் தீற்றலும் படிக்கக் கூடியதுதான்.

சுவருக்குச் சுண்ணாம்பு. பொங்கலுக்கு முன்னால் அடிப்பது. கிளிஞ்சலோ கல்லோ காளவாயில் வெந்து வரும். வீட்டில் அதை நீற்றி, வடிகட்டி, ஒட்டுவதற்குக் கஞ்சியோ வச்சிரமோ சேர்த்து, நார் மட்டையால் அடிப்பார்கள். விரல் இடுக்கெல்லாம் புண்ணாகும். அடித்த ஈரத்தில் சுவர் மங்கலாகத்தான் இருக்கும். காய்ந்து, காற்றில் இருக்கும் கரியமில வாயுவை வாங்கி இறுக இறுகத்தான் வெள்ளை ஏறும். அந்த வெள்ளை மஞ்சளடித்துத் தெரியாமல் இருக்க வாளியில் கொஞ்சம் நீலம் போடுவார்கள். நிழலில் அந்தச் சுவர் ஊதாவாகத் தெரிகிறது என்று நீங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். நீங்கள் பார்த்தது சரிதான். அதில் வானத்தின் பங்கும் இருக்கிறது, வாளிக்குள் விழுந்த நீலத்தின் பங்கும் இருக்கிறது.

இந்த நீலத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. அல்ட்ராமரைன் நீலம் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான் மலைகளில் கிடைக்கும் லாபிஸ் லசூலிக் கல்லை அரைத்து எடுத்தது, தங்கத்தின் விலை. 1828இல் பிரான்சில் ழான் பாப்டிஸ்ட் கிமே அதையே செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்ததற்காக 6,000 பிராங்க் பரிசு வாங்கினார். நீலம் மலிந்தது. ஓவியர்கள் வாங்கினார்கள். காகித ஆலைகளும் சலவைத் தொழிலும் அவர்களைவிட எத்தனையோ மடங்கு அதிகமாக வாங்கின. சொட்டு நீலம் வருவதற்கு முன்னால் நம் வீடுகளில் வேட்டிக்குப் போட்ட ராபின் புளூ பொடியும் இதே அல்ட்ராமரைன்தான். மஞ்சளேறிய துணியை நீலம் வெள்ளையாகக் காட்டுவது ஏன்? ஒன்றையொன்று ஈடுகட்டும் நிறங்கள் அவை. கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த செவ்ரோல் 1839இல் நிறங்களின் எதிரெதிர்த் தன்மையைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். இம்ப்ரஷனிஸ்டுகளின் நிழல்கள் நீலமும் ஊதாவுமாக மாறியதில் அதற்குப் பங்கு உண்டு. வெள்ளாவி வைத்து, அலசி, நீலம் முக்கிப் பிழிந்த பெண்களின் கைக்கு அந்தக் கணக்கு அதற்கும் முன்பே தெரியும்.

இம்ப்ரஷனிஸ்டுகளில் ஒருவரான பெர்த் மொரிசோ 1875இல் வரைந்த படம் ஒன்று வாஷிங்டனில் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. பாரிஸுக்கு வெளியே ஜென்வில்லியே என்ற இடத்தில் பெண்கள் துணி உலர்த்துகிறார்கள். ஒரு முழத்துக்கும் குறைவான அகலம். துணிகள் வெள்ளையும் நீலமுமாகச் சின்னச் சின்னத் தீற்றல்கள். பெண்களும் அதே அளவுத் தீற்றல்கள்தான். தூரத்தில் ஆலைகளின் புகைபோக்கிகள் நிற்கின்றன. பிரான்சு முழுக்கச் சலவைத் துணிக்கு வெண்மை கொடுத்த நீலமும் ஓவியரின் டியூபில் இருந்த செயற்கை நீலமும் ஒரே பொருள் என்று தெரிந்த பிறகு அந்தப் படத்தை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த நீலத்தில் சேர்ந்த செல்வத்தைக் கொண்டு கிமேயின் மகன் எமில் கிமே அமைத்த ஆசியக் கலைக்கூடம் 1889இல் பாரிஸில் திறக்கப்பட்டது. நம் நாட்டில் வார்த்த சோழர் காலத்து நடராசர் திருமேனி ஒன்று இன்று அங்கே இருக்கிறது.

வெள்ளைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அது துயரமானது. மொரிசோவும் மோனேயும் தாராளமாக அப்பிய வெள்ளை, ஈய வெள்ளை. பழைய முறையில் ஈயத் துண்டுகளைக் காடி ஊற்றிய சட்டிகளின் மேல் அடுக்கி, சுற்றிலும் குதிரைச் சாணம் அடைத்து, மாதக்கணக்கில் மூடி வைப்பார்கள். சாணத்தின் சூட்டிலும் அது விடும் கரியமில வாயுவிலும் ஈயம் வெள்ளை பூக்கும். இங்கிலாந்தில் நியூகாசிலிலும் லண்டனிலும் இருந்த ஆலைகளில் அந்த வெள்ளையைப் பிரித்தெடுத்து, தலையில் சுமந்து, உலர்த்தும் அறைக்குக் கொண்டுபோன கூலிகள் பெரும்பாலும் பெண்கள். ஈயம் உடம்பில் ஏறி வலிப்பு வந்தவர்கள், கரு கலைந்தவர்கள், இளம் வயதில் செத்தவர்கள் அவர்களில் உண்டு. 1898இல்தான் அந்த ஆபத்தான வேலைகளில் பெண்களை வைப்பது அங்கே தடைசெய்யப்பட்டது. வண்ணம் பூசும் வேலையில் ஈய வெள்ளையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 1921இல் வந்தது. இன்று உங்கள் டியூபில் இருப்பது டைட்டானியம் வெள்ளை. நம் குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அள்ளும் இல்மனைட் கருமணல் மாதிரியான கனிமத்திலிருந்து வருவது. அதில் நஞ்சு இல்லை, நிம்மதி. ஆனாலும் எந்த வெள்ளையும் வானத்திலிருந்து விழுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான படத்துக்கு இப்போது வருகிறேன். அதுவும் மொரிசோவுடையதுதான், 1880இல் வரைந்தது. தோட்டத்தில் ஒரு பெண் வெள்ளை உடையில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். பச்சையும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகத் தீற்றல்கள் அலைமோதுகின்றன. உடை எங்கே முடிகிறது, புல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தாயும் சேயும் என்று நினைத்து மனம் கசிந்துவிடும். அவள் தாய் இல்லை. பேர் ஆஞ்செல், கூலிக்குப் பால் கொடுக்க வந்த செவிலி. குழந்தை ஜூலி, ஓவியரின் மகள். தாய் ஈசலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள், தூரிகையோடு.

அமெரிக்கக் கலை வரலாற்றாளர் லிண்டா நாக்லின் 1988இல் இந்த ஒரு படத்தை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். அவர் சுட்டிக்காட்டியது இதுதான்: இந்தப் படத்தில் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒருத்தி பாலை விற்கிறாள், மற்றவள் வரைகிறாள். முதலாமவள் பால் கொடுப்பதால்தான் இரண்டாமவளுக்குக் கை ஒழிகிறது. அந்தக் காலத்தில் பாரிஸின் வசதியான வீடுகளுக்குச் செவிலிகள் கிராமங்களிலிருந்து வருவார்கள். தாங்கள் பெற்ற குழந்தையை ஊரில் யாரிடமாவது விட்டுவிட்டு வருவார்கள். மற்ற வீட்டு வேலைக்காரர்களைவிட அவர்களுக்குச் சம்பளம் அதிகம். கூலிக்கு வளர்க்க விடப்படும் குழந்தைகள் ஏராளமாகச் செத்ததால், அதை முறைப்படுத்த 1874இல் பிரான்சில் தனிச் சட்டமே வந்தது; தியோஃபில் ரூசெல் என்ற மருத்துவர் கொண்டுவந்தது. அதே 1874இல்தான் இம்ப்ரஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கச் சொல்லி எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இதனால் மொரிசோ மீது எனக்கு மரியாதை குறையவில்லை. கூடியிருக்கிறது. இம்ப்ரஷனிஸ்டுகளின் எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் அவர் படம் இருந்தது. ஜூலி பிறந்ததை ஒட்டிய 1879இல் மட்டும் இல்லை. தனி ஓவிய அறை இல்லாமல் கூடத்திலேயே வரைந்து, விருந்தாளி வந்தால் சாமானை அலமாரிக்குள் வைத்துவிடுவாராம். 1895இல் இறந்தபோது இறப்புச் சான்றிதழில் தொழில் இல்லாதவர் என்று எழுதினார்கள். அவருடைய ‘தொட்டில்’ படத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அக்கா எட்மாவும் ஓவியர்தான். இருவரும் ஒன்றாகப் பயின்றவர்கள். எட்மா 1869இல் கல்யாணம் ஆனதும் தூரிகையை வைத்துவிட்டார். 1872இல் தங்கை வரைந்த படத்தில் அவர் கை கன்னத்தில் இருக்கிறது. அந்தக் கையைப் பற்றி எந்தப் பாடப்புத்தகமும் பேசி நான் படித்ததில்லை. பள்ளியில் என் வகுப்பில் நன்றாக வரைந்த பெண் பிள்ளைகள் எத்தனை பேரின் கை இன்று அப்படி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

இன்னொரு இம்ப்ரஷனிஸ்டான ரெனுவார் வீட்டுக்குக் கேப்ரியல் ரெனார் பதினாறு வயதில் வந்தாள், 1894இல். அவர் மனைவியின் உறவுப் பெண், குழந்தை ழானைப் பார்த்துக்கொள்ள வந்தவள். குழந்தையைத் தூக்கியபடியே எத்தனையோ படங்களுக்கு உட்கார்ந்தாள். பின்னாளில் மூட்டுவாதத்தால் ரெனுவாரின் விரல்கள் மடங்கிப்போனபோது தூரிகையை அவர் கையில் வைத்துவிட்டவர்களில் அவளும் ஒருத்தி. குழந்தை வளர்ப்பு, வீட்டு வேலை, மாடல், உதவியாள் எல்லாம் ஒரே ஆள். படத்தின் மூலையில் இருப்பது ஒரே ஒரு கையெழுத்து.

நம் ஆளுக்கு வருவோம். கும்பகோணத்திலும் சென்னையிலும் பயின்ற ஓவியர் இளையராஜாவை 2021இல் கொரோனாவுக்குப் பறிகொடுத்தோம். அவர் இம்ப்ரஷனிஸ்ட் இல்லை. புகைப்படமோ என்று மயங்கவைக்கும் நுணுக்கக்காரர். ஆனாலும் ஜன்னல் வழியே வந்து கருத்த கன்னத்திலும் பித்தளைக் குடத்திலும் தங்கும் வெயிலை அவரைப்போலத் தமிழ் வீட்டுக்குள் யாரும் தேடியதில்லை. அவர் படங்களைப் பார்த்துப் பாத்திரம் தேய்ப்பவர்களுக்கு ஒன்று தோன்றும். பித்தளை அந்த மினுக்கைத் தருவது புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த நாளிலும் அடுத்த நாளிலும்தான். பிறகு கறுக்கத் தொடங்கிவிடும். படத்தில் குடம் மின்னுகிறது என்றால் யாரோ அன்று காலை தேய்த்திருக்கிறார்கள். அந்த ஒளிக்குத் தேதி உண்டு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, பழைய திண்ணையும் சாணித் தரையும் உள்ள வீடாகத் தேடிப் போக வேண்டும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். நான் கேட்பது அதற்கு நேர் எதிர். சிமெண்ட் வந்ததும் எங்கள் தெருப் பெண்களின் இடுப்புக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. உங்கள் படத்துக்காக அவர்கள் மறுபடியும் சாணி மெழுக வேண்டாம். மெழுகுவது பல இடங்களில் சொந்த வீட்டுக்காரியாகவும் இருப்பதில்லை. இன்னொரு தெருவிலிருந்து, இன்னொரு சாதியிலிருந்து வந்து செய்து கொடுத்துவிட்டுப் போகிறவர் அவர். அழகு என்று நாம் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்கிறோம்.

உங்களில் சிலர் நைட்டியில் இருந்த பெண்ணைப் புடவைக்கு மாறச் சொல்லிக் கேட்டதைப் பார்த்தேன். நீல பிளாஸ்டிக் குடத்தைத் தள்ளிவைத்துவிட்டு மண்பானை இருக்கிறதா என்று கேட்டதையும் பார்த்தேன். எதற்கு? மோனே 1877இல் சான் லசார் ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்து இரும்புக் கூரையையும் நீராவியையும் வரைந்தார். அன்றைய பாரிஸில் அதைவிடப் புதியது இல்லை. ஜான் கோஃப் ராண்ட் 1841இல் கண்டுபிடித்த தகர டியூப் அன்றைய புதுச் சரக்குதான். அது இல்லாவிட்டால் எண்ணெய் வண்ணத்தை இவ்வளவு சுளுவாக வெளியே தூக்கிப்போக முடிந்திருக்காது. தங்கள் காலத்துப் பொருளைக் கண்டு அவர்கள் கூச்சப்படவில்லை. நைட்டிமேல் போட்ட பச்சைத் துண்டில் காலை வெயில் பட்டு முகவாய்க்கு அடியில் பச்சை நிழல் விழுவதைப் பாருங்கள். குழாயடியில் ஆரஞ்சும் ஊதாவும் நீலமுமாக வரிசை நிற்கும் குடங்களை மொரிசோ பார்த்திருந்தால் விட்டிருப்பாரா? கேஸ் சிலிண்டரின் சிவப்பு, மிக்சி ஜாரின் உள்ளே ஒட்டிய சட்னி, பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். அவற்றிலும் வெயில் விழுகிறது. அவற்றுக்குப் பின்னாலும் அதே கைதான் இருக்கிறது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். தமிழ்நாட்டு அரசு 2023 செப்டம்பர் முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரத் தொடங்கியது. வீட்டில் அவர்கள் செய்யும் வேலையை மதித்துத் தருவதாகச் சொல்லித்தான் தந்தது. தொகை போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கணக்கை அரசே பேசத் தொடங்கிய பிறகு, ஓவியர்கள் பேசாமல் இருப்பது சரியில்லை. நீங்கள் ஒரு பெண்ணை இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காரவைத்தால், அந்த இரண்டு மணி நேரத்து வேலையை அவர் ராத்திரி பாத்திரம் கழுவிய பிறகு செய்கிறார். கல்லூரியில் மாடலுக்குக் கூலி கொடுப்பதுபோல இங்கேயும் கொடுக்க வேண்டும். உங்கள் கையில் காசு குறைவு என்பது எனக்குத் தெரியும். ஐந்தாறு பேர் சேர்ந்து கொடுங்கள். அவரிடமே கேட்டு, அன்று போகாமல் விட்ட கூலியாவது கைக்கு வரும்படி கொடுங்கள். டீயும் பிஸ்கட்டும் கூலி ஆகாது.

உட்காரச் சொல்வதைவிட, வேலை செய்யவிட்டு வரையலாம் என்பது என் அபிப்பிராயம். அசையும் ஆளை வரைவது கடினம். இம்ப்ரஷனிசம் பிறந்ததே நிற்காத ஒன்றைப் பிடிக்கத்தானே. கோலம் போடுகிறவள் புள்ளியிலிருந்து புள்ளிக்கு நகர்கிற வேகத்தில் உங்கள் தூரிகையும் நகரட்டும். படத்தின் பின்புறம் அவருக்குச் சம்மதமானால் பேரை எழுதுங்கள், என்ன வேலை செய்துகொண்டிருந்தார், மணி என்ன என்று எழுதுங்கள். ஆஞ்செலின் பேர் நமக்குக் கிடைத்ததுபோல அவர் பேரும் யாருக்காவது கிடைக்கும். கண்காட்சியில் படம் விற்றால் வந்து சொல்லுங்கள். யாரும் பங்கு கேட்க மாட்டார்கள். கேட்டாலும் தப்பில்லை.

கோலத்தைப் பற்றி உங்களுக்குள் ஒரு எண்ணம் இருக்கிறது: அது அலங்காரம், நாம் செய்வது கலை. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களில் சிக்குக் கோலங்களைக் கணித மொழியாக எழுதிக் காட்டினார்கள். கணினி அறிவியலில் கோலத்துக்கு ஒரு இடம் உண்டானது அப்படித்தான். கணிதக்காரர்கள் பார்த்ததை ஓவியக்காரர்கள் பார்க்காமல் போகலாமா? தரையின் ஈரம், மாவின் நுண்மை, நிழல் விலகப்போகும் நேரம், நடந்து போகிறவர்கள் மிதிப்பார்கள் என்ற தெளிவு, இத்தனையையும் மனசில் வைத்து வெளியில் நின்று வரைகிறார்களே. பாரிஸில் அதற்காகக் குடையும் மடக்கு ஈசலும் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். இவர்கள் ஒரு கொட்டாங்குச்சியில் மாவோடு கிளம்புகிறார்கள். பத்து மணிக்கு ஸ்கூட்டர் ஏறி அழிந்துபோகிற படத்துக்கு அருங்காட்சியகம் கிடையாது. அதற்காகப் படிப்பும் மதிப்பும் கிடையாது என்று ஆகிவிடக் கூடாது.

உங்கள் வகுப்பில் பெண்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள் தங்கச்சிகளே. படிப்பு முடிந்து கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்தும் வரைந்துகொண்டிருக்கும் சீனியர் அக்காக்கள் எத்தனை பேர் என்பதையும் விசாரியுங்கள். கூடப் படிக்கும் தம்பிகள் அந்த விடையைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நாளைக்கு ஒருவன் ‘வீட்டில் மனைவி’ என்று படம் வரையும்போது, அவளும் அதே கல்லூரியில் அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தவளாக இருக்கலாம்.

இந்த மார்கழிக்கு வருவதாக இருந்தால் ஒரு ஏற்பாடு செய்ய நினைக்கிறேன். முதல் நாள் சாயங்காலமே வந்துவிடுங்கள். பெண் பிள்ளைகள் எங்கள் வீட்டில் தங்கலாம். பையன்களுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து வைக்கிறேன். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, நீங்களும் ஆளுக்கொரு வாசல் பெருக்கி, தெளித்து, புள்ளி வைக்க வேண்டும். கற்றுத்தர எங்கள் தெருவில் ஆயாக்கள் இருக்கிறார்கள். பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். கேமராவை எடுக்காதீர்கள். மலை நிழல் விலகி வெயில் இறங்கும்போது வரைய உட்காருங்கள். மத்தியானத்துக்கு மேல், இந்த ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு எண்ணெய் வண்ணம் பழக்கிக்கொடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கிறவர்களை நான் திரட்டி வைக்கிறேன். வீட்டில் அனுப்ப யோசிப்பவர்களிடம் நானே போய்ப் பேசுகிறேன். வரும்போது வெள்ளையும் நீலமும் கூடுதலாக வாங்கி வாருங்கள். இங்கே கடையில் சின்ன டியூப்தான் கிடைக்கிறது, பிள்ளைகள் வெள்ளையைத்தான் முதலில் தீர்ப்பார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை
அடி அண்ணாமலை